உப்புக் காற்றும் கார் கதவும்: மரக்காணம் வழியே ஒரு பாட்டுப் பயணம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து தெற்கே வருபவர்களுக்கு, மரக்காணம் நெருங்கிவிட்டதைச் சொல்ல மைல்கல் தேவையில்லை. கடப்பாக்கம் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் தோப்புகளும் வீடுகளும் பின்வாங்க, நிலம் கண்ணாடித் துண்டுகளாக வெட்டிப் போட்டதுபோல் பாத்தி பாத்தியாக விரிகிறது. கோடை மாதங்களில் பாத்திகளின் ஓரமெல்லாம் வெள்ளைக் குவியல்கள். அவற்றின் மேல் ஓலையோ பிளாஸ்டிக் விரிப்போ போர்த்தியிருக்கும். வெயில் ஏறிவிட்டால் இந்த வெள்ளையைக் கண்ணால் பார்க்க முடியாது என்பதால், தொழிலாளர்கள் விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கிவிடுகிறார்கள்.

சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். வார இறுதியில் புதுச்சேரிக்குப் பறக்கும் கார்களுக்கு இது ஒரு டீ குடிக்கும் இடம். கண்ணாடியை இறக்கி, உப்பளத்தைப் பின்னணியாக வைத்து ஒரு செல்ஃபி. பிறகு பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அந்தப் பாட்டு வருகிற கதவுக்குள் இந்த ஊர்க் காற்று என்ன செய்கிறது என்பதுதான் இங்கே கதை.

பாணர் போன பாதை

பாட்டோடு பயணம் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறப் போகும் பாணனுக்கு வழி சொல்கிற நூல். சிறிய யாழை ஏந்திய பாணன் என்பதால்தான் ‘சிறுபாண்’. அவன் போகும் வழியில் வருகிற கடற்கரை ஊர் எயிற்பட்டினம். அது இன்றைய மரக்காணம் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. உப்பு வண்டியோடு ஊர் ஊராகப் போகும் உமணர்களும் அந்த நூலில் வருகிறார்கள். ஆக, இரண்டாயிரம் ஆண்டு அளவுக்குப் பழைய ஒரு பாட்டிலேயே இசை, உப்பு, பயணம் மூன்றும் சேர்ந்திருக்கின்றன.

உமணர் வண்டிக்குப் பிறகு படகு வந்தது. ஆந்திரக் கரையிலிருந்து கடலை ஒட்டியே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாயின் தென்முனை மரக்காணம்தான். இன்று லாரியும் காரும். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரையிலான இந்தச் சாலை இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ.

கதவுக்குள் என்ன இருக்கிறது?

பழைய கார் வாங்கினால் முதலில் சீட் கவர், அடுத்தது ஸ்பீக்கர். இது தமிழ்நாடு முழுக்க நடக்கிற விஷயம். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருந்து புதுச்சேரி, திண்டிவனம் கடைத்தெருக்கள் வரை இந்த வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி கொடுத்த சின்ன ஸ்பீக்கரை எடுத்துவிட்டு ஆறரை இன்ச் போடுவார்கள். ஏற்கெனவே ஆறரை இருந்தால், தகட்டை வெட்டி எட்டு இன்ச்சோ ஆறுக்கு ஒன்பது ஓவலோ போடுவார்கள்.

பெரிது போட ஆசைப்படுவதில் தப்பில்லை. ஐந்தேகால் இன்ச்சிலிருந்து ஆறரைக்குப் போனால் காற்றைத் தள்ளும் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. தவில் அடியும் பேஸ் கிட்டாரும் அதில்தான் உயிர் பெறும். ஆனால், ஸ்பீக்கர் கடைக்காரரின் மேஜையில் பாடுவது வேறு, கார் கதவுக்குள் பாடுவது வேறு. ஏனென்றால், கார் கதவு மூடிய பெட்டி அல்ல; மழைத்தண்ணீர் வந்து போகிற ஒரு வழி.

இது பலருக்கும் தெரியாது. கண்ணாடியின் மேல் விழுகிற மழை, ரப்பர் பீடிங்கைத் தாண்டிக் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கிய தண்ணீர் வெளியேறுவதற்காகக் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்ன ஓட்டைகளைக் கம்பெனியே விட்டிருக்கிறது. அந்தத் தண்ணீர் காருக்குள் வராமல் தடுக்க, டோர் பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாளைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். சில கார்களில் ஸ்பீக்கரின் தலைக்கு மேல் சின்னக் கூரைபோல் ஒரு மூடியும் இருக்கும்.

அவசரமாக ஸ்பீக்கர் மாற்றும்போது முதலில் பலியாவது இந்தத் தாள்தான். பாதி கிழிந்த தாளை அப்படியே விட்டு டோர் பேடை மாட்டிவிட்டால் அன்றைக்கு எதுவும் தெரியாது. பாட்டு ஜோராக இருக்கும். ஐப்பசி அடைமழையில்தான் கால்மிதியடி ஏன் ஈரமாகிறது என்ற கேள்வி வரும்.

உப்பு உள்ளே வரும் வழி

எந்த ஊரிலும் தண்ணீர் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும். மரக்காணத்தில் அதற்கு மழைகூடத் தேவையில்லை.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. உப்பளத்தில் இந்த நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி காயவிட்டு அடர்த்தியை ஏற்றுவார்கள். கடல்நீர் போமே அளவையில் மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிகமாக இறங்கத் தொடங்கும். கடற்காற்று அலைத்துளிகளை வாரிக்கொண்டு வருகிறது. துளி காய்ந்தாலும் அதிலிருந்த உப்பு தங்கிவிடுகிறது. கதவின் உள்பக்கத் தகட்டிலும் தங்குகிறது.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், சமையல் உப்பு தானாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்போடு கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு இன்னும் மோசம், அதற்கு 33 சதவீதமே போதும். அடுப்படி உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதும் இதனால்தான். கடலோர இரவுகளில் இந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. வெளியே நிறுத்திய காரின் கதவுக்குள் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் ராத்திரி முழுக்க நனைந்தே இருக்கும்.

உலோகம் துருவைத் தாங்குமா என்று பார்க்க, உலகம் முழுக்கத் தொழிற்சாலைகளில் ஒரு சோதனை செய்கிறார்கள். 5 சதவீத உப்புக் கரைசலை 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பனிமூட்டம்போல் தெளிப்பார்கள். 35 டிகிரி என்பது மரக்காணத்தில் ஒரு சாதாரணக் கோடைப் பகல். சோதனைக்கூடத்தில் இயந்திரம் வைத்துச் செய்கிற வேலையை, இங்கே காற்று மெதுவாகச் சும்மாவே செய்துகொண்டிருக்கிறது.

இப்போது தகட்டை வெட்டிய ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் கதவின் எல்லா மூலைக்கும் பாதுகாப்பு. வெட்டிய விளிம்பில் அது இல்லை; பச்சை இரும்பு. ஸ்க்ரூ போட்ட ஒவ்வொரு ஓட்டையும் அப்படித்தான். துரு அங்கே பிடித்து, பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே வேலை முடிந்திருக்கும்.

யாருக்கு நஷ்டம்?

வார இறுதிச் சுற்றுலாக்காரருக்கு இது பெரிய விஷயமில்லை. இந்தக் கரையிலேயே வாழ்கிறவருக்கு அப்படியல்ல. வடகிழக்குப் பருவமழை வந்தால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையிலான அந்த மாதங்களுக்காக, உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு கொண்டுவந்தது. கைக்காசு எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படியொரு குடும்பத்தில் ஒரு தம்பி, கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை எடுத்து வாடகைக்கு ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சவாரிக்கு வருகிறவர்கள் பாட்டு கேட்பார்கள், நல்ல ஸ்பீக்கர் இருந்தால் மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று நினைக்கிறார். நியாயமான கணக்குதான். ஆனால் தாள் கிழிந்து, டேம்பிங் ஷீட் அடி ஓட்டையை அடைத்து, உப்புநீர் கதவுக்குள் தேங்கினால்? ஸ்பீக்கரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பவர் விண்டோ மோட்டாரும் லாக்கும் அடுத்த பலி. கண்ணாடி பாதியில் நின்றுபோன காருக்கு மழைக்காலத்தில் சவாரி கிடைக்காது. வேலை இல்லாத மாதத்தைத் தாண்டுவதற்கென்று வாங்கிய கார், அந்த மாதத்திலேயே ஒர்க்‌ஷாப்பில் நிற்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையை அனுபவித்தவர்களுக்கு, இந்தக் கரையில் மழை என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

பெரிதானால் சத்தம் கூடுமா?

கூடும் என்று உறுதியில்லை. பெட்டியின் மேல் 300 வாட்ஸ் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. தொடர்ந்து தாங்குவதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்ற அளவு. காரின் சாதாரண ஸ்டீரியோ ஒரு ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து கொடுப்பதோ 15-லிருந்து 20 வாட்ஸ் அளவுதான். பெரிய மேக்னட் வைத்த கனமான ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் இல்லாமல், பழைய ஸ்பீக்கரை விடக் குறைவாகவே பாடக்கூடும். அட்டையில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று டெசிபலில் போட்டிருப்பதைப் பாருங்கள். அது 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி கரன்ட் சக்தி போதும்.

இன்னொன்று: ஸ்பீக்கரின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் சந்தித்தால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஸ்பீக்கரைச் சுற்றி விரல் நுழையும் இடைவெளி இருந்தால் எட்டு இன்ச்சும் தகர டப்பாதான். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்த ஆறரை இன்ச், தகட்டை வெட்டாமலேயே மனதை நிறைக்கும்.

கடலோரக் கார்களுக்கு...

* வாங்கும் முன் ஸ்பீக்கரின் ஆழத்தை அளந்து பாருங்கள். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி மேக்னட்டில் இடிக்கும்.
* உயரம் கொடுக்கும் வளையம் எம்.டி.எஃப். மரத்தில் வேண்டாம். ஈரம் குடித்து உப்பிவிடும். கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது அக்ரிலிக் நல்லது.
* காகிதக் கோனைவிட பாலிப்ராப்பிலீன் கோன், ஸ்பாஞ்ச் விளிம்பைவிட ரப்பர் விளிம்பு கடற்கரைக்கு ஏற்றது. படகுகளுக்கென்றே தயாராகும் ‘மரைன்’ ஸ்பீக்கர்களும் கிடைக்கின்றன.
* ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்ற விடாதீர்கள். செம்பு பச்சை பூத்துவிடும். உங்கள் கார் மாடலுக்கான கப்ளர் கேளுங்கள். வாரன்டி உள்ள காருக்கு இது இன்னும் முக்கியம்.
* ஓட்டை போட்டால், அதே நேரத்தில் துருத் தடுப்பு பிரைமரும் பெயின்டும் பூசச் சொல்லுங்கள்.
* பிளாஸ்டிக் தாளைத் திரும்ப முழுதாக ஒட்டுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.
* கதவுக்குள் குறுக்கே போகும் இரும்புச் சட்டம் பக்கவாட்டு மோதலில் உயிர் காப்பது. அதைத் தொடவே கூடாது. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் கதவுக்குள்தான் இருக்கிறது. அப்படியானால் தகட்டை வெட்டும் யோசனையையே விட்டுவிடுங்கள்.
* வேலை முடிந்ததும் மூடிய கண்ணாடி மேல் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். கதவின் அடியிலிருந்து சொட்ட வேண்டும், காருக்குள் வரக் கூடாது. கடற்கரை போய்வந்த பிறகெல்லாம் இப்படிக் கழுவினால் கதவு நீண்ட நாள் வாழும்.

பாட்டை நிறுத்த ஓர் இடம்

மரக்காணத்தில் சோழர் கால பூமீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு மேற்கே திரும்பினால் கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட, 5,000 ஹெக்டேருக்கும் மேல் பரந்த உவர்நீர் ஏரி. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். அங்கே போனால் ஸ்டீரியோவை அணைத்துவிடுங்கள். பறவைகளுக்காக மட்டுமல்ல. 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிற உலக சுகாதார நிறுவனம், 90 டெசிபலுக்கு வாரத்துக்கு 4 மணி நேரம்தான் கொடுக்கிறது. பின்சீட்டில் குழந்தை இருந்தால் கதவு ஸ்பீக்கர் அதன் காதுக்கு அருகில்தான் இருக்கிறது.

அணைத்ததும் முதலில் ஒன்றும் கேட்காது. பிறகு நாணலில் காற்று, தூரத்தில் ஒரு கொக்கு, அதற்கும் அப்பால் கடல் என ஒவ்வொன்றாகக் காதில் விழும். திரும்பி உப்பளம் வழியாக வரும்போது பலகையால் உப்பை இழுக்கும் சரசரப்பும் கேட்கலாம். இந்த ஊரின் பழைய பாட்டு அதுதான். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பிறகு உங்கள் பாட்டைப் போடுங்கள். கதவு நன்றாக இருந்தால், இரண்டுக்கும் இடம் உண்டு.