கப்பலுக்கு எந்தச் சேலை?

கப்பலில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எதை உடுத்திக்கொண்டு போவது? இந்தக் கேள்வி என் காதில் முதன்முதலாக விழுந்த இடம் துறைமுகம் அல்ல, ஆமத்தூர். விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகிற சாலையில், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். அங்கே கிணற்றில் தண்ணீர் கிடந்தாலே பெரிய சமாசாரம். கடலுக்கு எங்கே போவது?

பத்திரிகைக்காரர்களுக்குச் சிவகாசிப் பக்கம் வருஷத்தில் இரண்டு தடவை வேலை உண்டு. ஆடிப் பெருக்கன்று அங்குள்ள அச்சகங்களில் பூஜை போட்டு, அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். அதற்கு ஒரு தடவை. தீபாவளிக்கு முன்னால் பட்டாசுக்காக இன்னொரு தடவை. 2023 ஆடிப் பெருக்குக்குப் போனபோது, ஆமத்தூரில் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் கல்லூரித் தோழியின் வீட்டில் தங்கினேன். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவுக்காகவும்தான் தங்கினேன் என்பதை மறைப்பானேன்?

உள்ளே நுழைந்தால் கட்டில் கொள்ளாமல் துணிமணி! தோழியின் கணவர் காலண்டர் ஏஜெண்ட். ஆர்டர் நிறையப் பிடித்த ஏஜெண்டுகளை அந்த வருஷம் குடும்ப சகிதம் கப்பலில் அழைத்துப் போகிறார்களாம். சென்னையில் ஏறி, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, சென்னையிலேயே இறங்க வேண்டியது. ஏற்பாடு செய்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்பில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, ஒரு வரியைத் தவிர. 'இரவு விருந்துக்கு ஸ்மார்ட் காஷுவல்.'

"ஸ்மார்ட்டுங்கிறான், காஷுவலுங்கிறான். ரெண்டும் எப்படிடீ ஒரே உடம்பில இருக்கும்?" என்று தோழி என்னைக் கேட்டாள். பட்டணத்துக்காரி, பத்திரிகைக்காரி, எனக்குத் தெரியாமல் இருக்குமா என்று அவளுக்கு எண்ணம். எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. மாடிக்குப் போய் இரண்டு மணி நேரம் கைப்பேசியில் படித்து, சிநேகிதி ஒருத்தியைக் கூப்பிட்டு விசாரித்து, ஏதோ பிறவியிலேயே அறிந்தவள்போல் இறங்கி வந்தேன். அப்போது தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லி விடுகிறேன்.

உல்லாசத்துக்கென்றே சென்னையிலிருந்து ஒரு பெரிய கப்பல் கிளம்ப ஆரம்பித்தது 2022 ஜூன் மாதம். முதலமைச்சர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பி வைத்தார். 'எம்ப்ரஸ்' என்று பெயர். 1990-ல் பிரான்ஸ் தேசத்தில் கட்டி, பல வருஷம் அமெரிக்கர்களைச் சுமந்துவிட்டு, கார்டீலியா கம்பெனியின் கைக்கு வந்த பதினோரு அடுக்குக் கப்பல். அதற்கு முன்னால் நம்மவர்கள் கப்பலேறியது உல்லாசத்துக்கா? பிழைப்புக்கு! நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன 'ரஜுலா', 1926-ல் கட்டியது. 1973 வரைக்கும் அந்தத் தடத்தில் ஓடியது. மேல்தளத்தில் பாயை விரித்துப் படுத்து எழுந்த ஆயிரக்கணக்கான ஜனங்களை 'என்ன உடுத்தியிருக்கிறாய்?' என்று ஒருவரும் கேட்டதில்லை.

கேள்வியெல்லாம் முதல் வகுப்புக்காரர்களுக்குத்தான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் கப்பல் ஓடிய காலத்தில் முதல் வகுப்புச் சாப்பாட்டு ஹாலுக்கு ஆண்கள் கறுப்புக் கோட்டும் கழுத்தில் 'போ'வும், பெண்கள் தரையைத் தொடும் கவுனுமாக வர வேண்டும். முதல் நாள் ராத்திரியும் கடைசி ராத்திரியும் மட்டும் விலக்கு. ஏன் தெரியுமா? முதல் நாள் டிரங்குப் பெட்டியைத் திறந்திருக்க மாட்டார்கள். கடைசி நாள் கட்டி முடித்திருப்பார்கள்! அந்த டிரங்குப் பெட்டிகள் போனதோடு அந்தக் கண்டிப்பும் பாதி போய்விட்டது. துறைமுகத்துக்கு விமானத்தில் வருகிறவர், எடை போடுகிற பெட்டிக்குள் கோட்டையும் கவுனையும் எங்கே திணிப்பார்? குழந்தை குட்டிகளோடு வருகிறவர்களும் பெருகி விட்டார்கள். 2000-ல் நார்வீஜியன் என்ற கம்பெனி, இஷ்டப்பட்ட நேரத்தில், இஷ்டப்பட்ட மேஜையில், கோட்டு இல்லாமலே வந்து சாப்பிடலாம் என்று அறிவித்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தளர்த்தினார்கள். குனார்டு கம்பெனியார் சில ராத்திரிகளுக்குப் பழைய சம்பிரதாயத்தை விடாமல் வைத்திருக்கிறார்கள். அங்கேகூட அவரவர் தேசத்து விசேஷ உடைக்கு இடம் உண்டு. உடுத்த மனசில்லாதவர்கள் வேறு ஹாலில் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

மிச்சமிருப்பது இவ்வளவுதான்: நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் சாப்பாட்டு ஹாலுக்குள் வரக் கூடாது. கல்யாணத்துக்குப் போகிற அலங்காரம் வேண்டாம். அடுப்படியிலிருந்து அப்படியே எழுந்து வந்த கோலமும் வேண்டாம். உறவுக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கீழே வந்து இதைச் சொன்னேன். தோழியின் மாமனார் திண்ணையிலிருந்தே கேட்டார்: "வேட்டியை விடுவானா, மாட்டானா? அதைச் சொல்லும்மா முதல்ல." அவர் ஆயுளில் கால்சட்டை போட்டதில்லை. மகன் ஏற்கெனவே ஒன்று தைத்து வைத்திருந்தான். அது கொடியில் தொங்குவதை, ஜப்திக்கு வந்த அமீனாவைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. 2014 ஜூலையில் சென்னைச் சேப்பாக்கத்தில், கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த ஒரு புத்தக வெளியீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு வந்த நீதிபதி அரிபரந்தாமனை வாசலோடு திருப்பி அனுப்பினார்களே, மறந்துவிட்டதா? உயர்நீதிமன்ற நீதிபதிக்கே அந்தக் கதி! அடுத்த மாதமே சட்டசபையில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், உரிமமும் போகும். கப்பல் கரையைத் தாண்டிய பிறகு அந்தச் சட்டம் எத்தனை மைல் கூடவே நீந்தி வரும் என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். "விருதுநகர்க்காரர்தானே மாமா காமராஜர்! 1966-ல் ரஷ்யாவுக்குப் போனபோதும் வேட்டி சட்டைதானே?" என்றேன். அவ்வளவுதான். கால்சட்டை கொடியிலிருந்து இறங்கிப் பீரோவுக்குள் போய்விட்டது.

ஆனால் அந்த வீட்டில் உண்மையான வழக்கு வேட்டியைப் பற்றியதல்ல. அத்தையின் சேலையைப் பற்றியது.

அத்தைக்கு அறுபது தாண்டிவிட்டது. பக்கத்துப் 'பயர் ஆபீஸ்' ஒன்றில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். பட்டாசுத் தொழிற்சாலையை அந்தப் பக்கத்தில் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். வேப்ப மரங்களுக்கு நடுவே ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சின்னச் சின்ன அறைகள் நிற்குமே, அவற்றுக்கு 'ரூம்' என்று பெயர். மருந்து கையாளுகிற ரூமுக்கு நாலு பேருக்கு மேல் கூடாது. எழுந்தால் ஓடுவதற்கு வாசல்கள். இரும்புச் சாமான் கூடாது. ஆணி அடித்த செருப்பு கூடாது. வெடிபொருள் விதிப்படி பாக்கெட் வைத்த உடையே கூடாது, பீடியும் தீப்பெட்டியும் மறந்துபோய் அதில் வந்துவிடும் என்று. உடுத்துவது நூல் துணியாக இருக்க வேண்டும். நைலான், பாலியெஸ்டர் எல்லாம் உரச உரச மின்சாரம் ஏறுகிற துணி. கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். நெருப்புப் பிடித்தாலும் நூல் துணிபோல் எரிந்து சாம்பலாகாது. உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆக, உடை விஷயத்தில் ஆமத்தூருக்குக் கப்பல்காரன் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுமில்லை. அங்கே வாசலில் நின்று சேலையைத் தொட்டுப் பார்த்து உள்ளே விடுகிற வழக்கம் எத்தனையோ காலமாக இருக்கிறது.

ஊரெல்லாம் பூனம் சேலை கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் அத்தையும் ஆசைப்பட்டு ஒன்று வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுவார். "எங்க ஆபீசில ஒருத்தி, கல்யாண வீட்டிலேர்ந்து அவசரத்தில அப்படியே வேலைக்கு வந்துட்டா தாயி..." என்று ஆரம்பித்தார். மேலே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில் செயற்கை நூல் சேலையே கிடையாது. மருமகளாக வந்தவளும் பழகிக்கொண்டாள். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்து முப்பத்தெட்டுக்கும் மேல் உயிர்கள் போனபோது, அத்தை வேலையை விட்டு நின்றார். சேலை வழக்கத்தை மட்டும் விடவில்லை.

இப்போது பேத்தி பிடிவாதம் பிடிக்கிறாள்: "ஆச்சி, கப்பல்ல எல்லாரும் பளபளன்னு வருவாங்க. நீயும் பளபளன்னு வரணும்." எட்டு வயசு. அவள் விருப்பத்துக்காகத் தோழி விருதுநகரில் ஒரு சேலை எடுத்து வந்திருந்தாள். மயில் கழுத்து நிறம். ஜரிகை மாதிரி மினுங்குகிற கரை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. எந்தச் சேலை என்று என்னை மத்தியஸ்தம் செய்யச் சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கப்பல்காரனுக்கு இரண்டும் ஒன்றுதான். அவன் விதி தளர்ந்துவிட்டது. அத்தையின் விதி எப்படித் தளரும் என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை அந்தச் சேலையை மடியில் வைத்து வெகு நேரம் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "சுத்திலும் தண்ணி. நடுவில என்ன பயம்? கட்டுறேன் போ!" என்றார். பேத்தி குதித்தாள்.

மறுபடி நான் ஆமத்தூருக்குப் போனது அக்டோபரில், பட்டாசுக் கட்டுரைக்கு. கப்பல் பிரயாணத்தைக் கதை கதையாகச் சொன்னார்கள். மாமாவின் வேட்டி பெரிய வெற்றி. வடக்கத்திக் குடும்பம் ஒன்று அவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டதாம். முழங்காலுக்கு மேல் நிற்கும் டிராயரோடு ஒருவர் ஹாலுக்கு வந்தாராம். அவரையும் யாரும் தடுக்கவில்லையாம். "அதுக்கா இவ்வளவு யோசிச்சோம்!" என்றாள் தோழி.

"சேலை?" என்று கேட்டேன். தோழி அத்தையைப் பார்த்தாள்.

முதல் ராத்திரி மயில் கழுத்துச் சேலையைத்தான் கட்டியிருக்கிறார். பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு, கம்பளம் விரித்த நடையில் நடந்து, சாப்பாட்டு ஹாலின் கதவுப் பிடியில் கை வைத்திருக்கிறார். விரல் நுனியில் சுரீர் என்றது. குளிர்சாதனக் காற்றில், கம்பளத்தின்மேல் நடந்தால், அந்த மாதிரித் துணிக்கு அது சகஜம். சென்னையில் எங்கள் காரியாலயத்தில் எங்களுக்கெல்லாம் தினம் நடப்பதுதான். 'ஆ' என்று கையை உதறிவிட்டுப் போவோம்.

"அந்தச் சுரீர் வரக் கூடாதுன்னுதானே தாயி இருபத்தஞ்சு வருஷம் நூல் சேலை கட்டினேன்" என்றார் அத்தை.

பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாராம், எட்டு வயசுப் பிள்ளையை. உள்ளே போய் உட்காரவில்லை. ஹாலுக்கு எத்தனை வாசல் என்று நின்று பார்த்திருக்கிறார். "நாலு பேரு உக்கார்ற ரூமுக்கே அத்தனை வாசல் வச்சிருப்பான். அங்கே நூத்துக்கணக்கில உக்காந்து சிரிச்சுக்கிட்டுச் சாப்பிடுறாங்க. எனக்கு எண்ணிக்கிட்டே இருக்கத்தான் தோணுச்சு." கடைசியில் வாசலுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து, தயிர்ச் சோறு இரண்டு கவளம் சாப்பிட்டார். என்னவெல்லாம் பரிமாறினார்கள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் ராத்திரி, கொண்டுபோயிருந்த பச்சைச் சுங்குடியைக் கட்டிக்கொண்டார். ஊரிலேயே கஞ்சி போட்டு, பெட்டி போட்டு மடித்து வைத்திருந்தது. பேத்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஐஸ்கிரீம் வந்ததும் இறக்கிவிட்டாள். அன்றைக்கு அத்தை மேல்தளத்தில் காற்று வாங்கிக்கொண்டு இரண்டு தோசை சாப்பிட்டார். "மொறுமொறுன்னு இருந்துச்சு. சட்னிதான் நம்ம ஊர் மாதிரி இல்லை" என்று அபிப்பிராயமும் சொன்னார். அது அவருக்கு ஞாபகம் இருந்தது.

மயில் கழுத்துச் சேலையை மதுரையில் இருக்கும் தோழியின் தங்கைக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோதே சாயங்காலம் ஆகிவிட்டது. ஆபீஸ் பஸ் வந்து தெருமுனையில் நின்றது. அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளிபோல் மினுங்குகிற கைகளோடு பெண்கள் இறங்கினார்கள். தீபாவளி நெருங்குகிறது, வேலை ஜாஸ்தி. அதில் ஒரு சின்னப் பெண், புதிதாகக் கல்யாணமானவள்போல் இருந்தாள், வாசலைக் கடந்து போகும்போது, "என்ன ஆச்சி, காபி குடிச்சாச்சா?" என்றாள்.

அத்தை பதில் சொல்லாமல் எழுந்து போய் அவள் முந்தானை நுனியைப் பிடித்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நூல்தான் ஆச்சி" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

"சரி, போ" என்று விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.