காதுக்கு எத்தனை வோல்ட்?

எங்கள் ஃபிளாட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று. குழந்தை தூங்கிய பிறகு எனக்கென்று மிஞ்சுகிற தனி அறை, என் இரண்டு காதுகளுக்கு நடுவில் இருப்பதுதான்! அங்கே இளையராஜாவின் பேஸ் கிட்டாரை நிம்மதியாகக் கேட்க, சென்ஹைசர் எச்டி 600 ஹெட்ஃபோன் வாங்கினேன். 1997-ல் வந்த மாடல். போனஸ் அத்தோடு காலி.

ஆபீஸில் விஷயம் பரவியது. அடுத்த சீட் சீனியர் உதட்டைப் பிதுக்கினார்.

"300 ஓம்ப்பா! லேசுல அசையாது. ரெண்டு மாசச் சம்பளத்துக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையரா வாங்கிடு. இல்லேன்னா காதுல பஞ்சு வெச்ச மாதிரிதான் கேக்கும்."

எங்கள் வீட்டில் இரண்டு மாசச் சம்பளம் என்றால் எல்.கே.ஜி. அட்மிஷன். எனவே கடைக்கு ஓடாமல் கால்குலேட்டரை எடுத்தேன்.

ஓம் என்பது பாதிக் கதைதான் சார். மீதிக் கதையின் பெயர் சென்ஸிடிவிட்டி. எவ்வளவு தீனி போட்டால் எவ்வளவு சத்தம் என்கிற கணக்கு. 1 வோல்ட் கொடுத்தால் என் ஹெட்ஃபோன் 97 டெசிபல் தரும் என்கிறது கம்பெனி. திடீர் டிரம்ஸ் அடிகூட நசுங்காமல் கேட்க, 110 டெசிபல் வரை இடம் விடுவோம். அதற்குத் தேவை சுமார் 4.5 வோல்ட், 67 மில்லிவாட். அவ்வளவே! செல்போனில் செருகுகிற குட்டி அடாப்டர்களில் பல 1 வோல்ட்டோடு மூச்சு வாங்கிவிடும். ஆகவே ஆம்ப்ளிஃபையர் தேவைதான். ஆனால் உள்ளங்கை அளவு போதும்.

நிஜ முரடன் வேறு ஆள். ஹைஃபைமேன் எச்இ-6 என்று ஒன்று, 2010-ல் வந்தது. வெறும் 50 ஓம்... பார்த்தால் சாது! ஆனால் 1 மில்லிவாட்டுக்கு 83.5 டெசிபல்தான் வாய் திறக்கும். அதே 110-ஐ எட்ட சுமார் 450 மில்லிவாட் கேட்கும். கரண்ட் 95 மில்லிஆம்பியர். என்னுடையதற்கு 15 போதும். 300 ஓம் பூனை, 50 ஓம் புலி!

இன்னொரு வேடிக்கை. ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற, ஏறக்குறைய பத்து மடங்கு பவர் வேண்டும். விலைப்பட்டியலில் மேலே ஏற ஏற, நீங்கள் வாங்குவது பெரும்பாலும் திருகாத வால்யூமைத்தான்.

திருகவும் கூடாது. 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதுதான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆம்ப்ளிஃபையர் போனால் வேறு வாங்கலாம். காதுக்கு ஸ்பேர் கிடையாது.

நான் வாங்கியது சின்னதுதான். எல்.கே.ஜி. ஃபீஸும் கட்டியாயிற்று. சீனியர் இன்னும் உதட்டைப் பிதுக்குகிறார்... பிதுக்கட்டும்!

நீங்கள் கடைக்குப் போனால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் ஹெட்ஃபோனோட ஓமுக்கு இது எத்தனை மில்லிவாட் தரும்?"

கடைக்காரர் விலையைப் பதிலாகச் சொன்னால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.