கடைசி ரீலில் போலீஸ்

நம் சினிமாவில் போலீஸ் எப்போதுமே கடைசி ரீலில்தான் வரும். ஹீரோ வில்லனைத் துவைத்துக் காயப்போட்ட பிறகு ஜீப்பில் வந்து இறங்கி, ''யூ ஆர் அண்டர் அரெஸ்ட்!'' இதைக் கிண்டல் பண்ணாத ஜோக் எழுத்தாளர் உண்டா? ஆனால், ஒரு படத்தில் போலீஸைக் கடைசி ரீலுக்குக் கூட்டிவந்தது டைரக்டர் இல்லை, சென்சார்!

'ஷோலே'யைத்தான் சொல்கிறேன். ஹிந்தியில் 'நஹி மாலும்' தவிர வேறெதுவும் தெரியாத நானே மூன்று தடவை பார்த்த படம். ரமேஷ் சிப்பி முதலில் எடுத்த முடிவில், கைகளைப் பறிகொடுத்த தாக்கூர், ஆணி பதித்த ஜோடுகளால் உதைத்தே கப்பர் சிங்கைத் தீர்த்துக் கட்டிவிடுவார். சரியாக அந்தச் சமயம் பார்த்து, 1975 ஜூன் 25 ராத்திரி எமர்ஜென்ஸி வந்தது. 'முன்னாள் போலீஸ் அதிகாரியே சட்டத்தைக் கையில் எடுப்பதாவது!' என்றது சென்சார். (அவருக்குக் கையே இல்லையே என்று யார் போய்ச் சொல்வது?) வேறு வழியில்லாமல் திரும்ப ஷூட்டிங். ஆகஸ்ட் 15 ரிலீஸில் போலீஸ் 'டாண்' என்று வந்து நின்றது. வெளியே நிஜப் போலீஸ், எதிர்க்கட்சிக்காரர்களை 'மிசா'வில் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு மசாலாப் படத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? அதற்கு முந்தின இரண்டு வருஷத்தைப் பாருங்கள். குஜராத்தில் ஹாஸ்டல் மெஸ் பில் ஏறியதற்குக் கிளம்பிய மாணவர் போராட்டம், 1974 பிப்ரவரியில் முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பியது. அதே வருஷம் மே மாதம் ரயில்வே ஸ்டிரைக், 20 நாள். தெருவில் இருந்த கோபம் தியேட்டருக்குள்ளும் வந்தது. 1973-ல் 'ஜஞ்சீர்', 1975-ல் 'தீவார்'. இரண்டிலும் முறைத்தபடி அமிதாப். 'தீவார்' நமக்கு 1981-ல் ரஜினி நடித்து 'தீ'யாக வந்தது. தொழிற்சங்கத் தலைவரின் மகன் கடத்தல்காரனாகிறான். கடைசியில் அவனைச் சுடுவது யார்? போலீஸ்காரத் தம்பி!

கணக்கு இதுதான். ஸ்டிரைக்கில் லட்சக்கணக்கான பேர். படத்தில் ஒரே ஒரு அமிதாப். நமக்கும் சேர்த்து அவரே கோபப்பட்டுவிடுவார். அந்தக் கோபத்தையும் 'வணக்கம்' போடுவதற்குள் சர்க்காரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். நாமும் ஞாயிற்றுக்கிழமை மேட்னியில் விசிலடித்துவிட்டு, திங்கட்கிழமை மானேஜரிடம், ''யெஸ் ஸார்!''

2025-ல் இத்தாலியின் போலோன்யா விழாவில், 'ஷோலே'யை அந்தப் பழைய முடிவோடு திரையிட்டார்கள். 50 வருஷம் கழித்துத் தாக்கூருக்குப் பழி தீர்ந்தது. அதனால் எந்த சர்க்காரும் கவிழவில்லை.

ஆறிப்போன கோபத்துக்கு சென்சார் எதற்கு ஸார்?