அக்கா படமும் நாலாயிரம் ரூபாய் ஒற்றுப் பிழையும்



போன மாதம் நான் போட்ட அக்காவின் படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் ஃபோன் செய்தீர்கள். பாதிப் பேர் அக்காவை விசாரித்தீர்கள். மீதிப் பேர் "ஐயா, அது என்ன லென்ஸ்?" என்று கேட்டீர்கள். 98-இல் பத்தாம் வகுப்பு முடித்த ஒருவன், "நாங்க நாலு பேர் சேர்ந்து பெரிய லென்ஸா வாங்கித் தர்றோம்" என்று வங்கிக் கணக்கு எண் வரை கேட்டுவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வற்றிப் போச்சு. அதனால் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா என் மகனுடையது. நிக்கான் டி5300. வேலைக்கு வெளியூர் போகும்போது, "சும்மாதானே இருக்கீங்க, வச்சுக்குங்கப்பா" என்று கொடுத்துவிட்டுப் போனான். கூடவே ஒரு 18-55 லென்ஸ். கல்யாண வீட்டுக்கும் பேரன் பிறந்தநாளுக்கும் அது போதும். ஆனால் நம் ஊர் அப்படிப்பட்ட ஊர் இல்லையே. வாசலில் நின்றால் மேற்கே மலை சுவர் மாதிரி நிற்கிறது. அதில் இருக்கிறதை எடுக்கலாம் என்று பார்த்தால் எல்லாம் புள்ளியாகத்தான் விழும். 2010 கடைசியில் மீட்டர் கேஜ் ரயில் நின்று, 2023 ஜூன் 15 அன்று மறுபடி போடிக்கு ரயில் ஓடத் தொடங்கியதே, அன்றைக்கு நான் எடுத்த படத்தில் ஜனங்களின் தலைதான் இருக்கிறது. ரயில் ஏதோ கம்பளிப்பூச்சி மாதிரி ஓரத்தில் தெரிகிறது. அப்போதே ஆசை வந்துவிட்டது.

பென்ஷன்காரன் ஆசைக்கு ஒரு எல்லை உண்டு. செகண்ட் ஹேண்டில் தேடினேன். நிக்கான் 70-300, நாலாயிரம் ரூபாய், புதுசு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். வீட்டில் மாட்டிப் பார்த்தால் ஃபோகஸ் ஆகவே இல்லை. பட்டனை அழுத்துகிறேன், அழுத்துகிறேன், அது பாட்டுக்குக் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருக்கிறது. கேமராதான் கெட்டுப்போச்சு என்று ராத்திரி தூக்கமே இல்லை.

மறுநாள் மகன் ஃபோனில் சிரித்தான். லென்ஸின் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கச் சொன்னான். "ஏ.எஃப்." என்று இருந்தது. "ஏ.எஃப்.-எஸ்." இல்லாவிட்டால் "ஏ.எஃப்.-பி." என்று இருக்கணுமாம். முப்பத்திரண்டு வருடம் ஒற்றுப் பிழைக்கு மார்க் குறைத்தவன் நான். ஓர் எழுத்து விட்டுப்போனதற்கு எனக்கு நாலாயிரம் அபராதம்.

விஷயம் இதுதான். நிக்கானின் பழைய ஏ.எஃப். லென்ஸ்களுக்கு உள்ளே மோட்டார் கிடையாது. கேமராவின் உள்ளே இருக்கும் மோட்டார், லென்ஸ் மாட்டும் வளையத்தில் ஒரு சின்னத் திருப்புளி முனை வழியாகத் திருப்பிவிடும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்தத் திருப்புளியே இல்லை. டி90, டி7000, டி7200 போன்றவற்றில் உண்டு. விற்றவர் பொய் சொல்லவில்லை, நான்தான் கேட்கவில்லை. கேனான் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களின் இ.எஃப். லென்ஸ் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கும். ஆனால் அவர்களுக்கு வேறொரு கண்ணி உண்டு. 75-300 விலை குறைவு என்று பலரும் அதைத்தான் முதலில் வாங்குகிறார்கள். அதில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி கிடையாது. கொஞ்சம் கூடப் போட்டு 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். வாங்குங்கள். எடை 375 கிராம்தான், முக்கால் லிட்டர் பால் பாக்கெட் கூட இல்லை. 50 மில்லிமீட்டர் குறைகிறதே என்று யோசிக்காதீர்கள். ஆடிப்போன 300-ஐ விட ஆடாத 250 மேல்.

நான் இரண்டாவது தடவை உஷாராகத் தேடினேன். ஏ.எஃப்.-பி. டி.எக்ஸ். 70-300 வி.ஆர். என்பது என் பட்டியலில் நின்றது. இதிலும் ஓர் எழுத்து விளையாட்டு உண்டு. வி.ஆர். உள்ளது, இல்லாதது என்று ஒரே உருவத்தில் இரண்டு வருகின்றன. வி.ஆர். என்று எழுதியிருந்தால்தான் நடுக்கத்தைத் தாங்கும். டி5300-இல் கேமராவின் உள் மென்பொருளைப் புதுப்பித்த பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அதைவிடப் பழைய டி3100 போன்றவற்றில் சரிப்படாது. வாங்குவதற்கு முன் உங்கள் கேமராவின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மலைமேல் ஒருவரிடம் கிடைத்தது. வெளியே பளபளவென்று இருந்தது. ஃபோன் டார்ச்சை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல். பூஞ்சை. ஏலத்தோட்டத்து ஈரம் சும்மா விடுமா? மழை மாதங்களில் பீரோவில் வைத்த பட்டுச்சேலையே பூத்துப்போகும் இடம். அதை வேண்டாம் என்றுவிட்டு, கீழே நம் ஊர்க்காரர் ஒருவரிடம் பன்னிரண்டாயிரத்துக்கு வாங்கினேன். இப்போது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், நீர் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கிறேன்.

இந்த லென்ஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்று சொல்லிவிடுகிறேன். நம்மிடம் இருக்கும் சின்ன சென்சார் கேமராவில் 300 என்பது பழைய ஃபிலிம் கணக்குக்கு 450 மாதிரி. ஆனாலும் நிலாவை எடுத்தால் படத்தின் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் வரும். முந்தல் பக்கம் கம்பியில் உட்காரும் பனங்காடை அழகாக வரும். உச்சிக் கிளையில் இருக்கும் தேன்சிட்டு வராது, வெட்டிப் பெரிதாக்கித்தான் பார்க்கணும். ஒளி நிறைய உள்ளே விடாது. லட்ச ரூபாய்க்கு மேல் போகும் 2.8 லென்ஸ் விடும் வெளிச்சத்தில், 300-இல் இது விடுவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அது ஒன்றரைக் கிலோ. என் கழுத்துக்கு அது வேண்டாம், ராசா. நாலு பேரும் பணத்தைப் பிள்ளைகள் படிப்புக்கு வையுங்கள்.

வி.ஆர். நம் கையைத்தான் நிறுத்தும். குருவியை நிறுத்தாது. பறக்கிறது, ஓடுகிறது என்றால் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்கு மேல் வேகம் வையுங்கள். மத்தியானம் மலையை எடுக்காதீர்கள். சூட்டில் காற்று நெளியும், புகைமூட்டமும் சேர்ந்தால் எந்த லென்ஸும் ஒன்றுதான். காலை ஏழு மணிக்குள் எடுத்தால் போடிமெட்டு ரோட்டின் வளைவுகளை எண்ணலாம்.

மச்சான் ஒருத்தர், "ஃபோன்லயே நூறு மடங்கு ஜூம் இருக்கே மாப்ளே" என்றார். இருக்கிறது. அதில் பெரும்பங்கு படத்தை வெட்டி ஊதிப் பெரிதாக்குவது. வெயிலில் ஒப்பேறும், ஏலச்செடி நிழலில் சாயம் பூசின மாதிரி வரும்.

உபகரணம் இல்லை என்று நினைக்கும் பிள்ளைகள் மா. கிருஷ்ணனைத் தேடிப் படியுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912-இல் பிறந்தவர். கறுப்பு வெள்ளையில்தான் யானைகளை எடுத்தார், தன் கேமராவைத் தானே ஒட்டுப்போட்டுச் சேர்த்துக்கொண்டார். தமிழிலும் எழுதியிருக்கிறார், 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பு கிடைக்கிறது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அம்மா வாரக்கணக்கில் மலையில் தங்கிக் காய் எடுத்தவள். அவள் வேலை செய்கிற படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை. ரேஷன் கார்டுக்கு எடுத்த ஒரே படம்தான். அக்கா பதின்மூன்று வயதில் அம்மா கூடவே ஏறினாள். நான் பி.எட். படித்த ஃபீஸ் அக்கா எடுத்த காய். இப்போது அவளுக்கு எழுபத்தொன்று. மாமா விட்டுப்போன முக்கால் ஏக்கரில் இன்னும் காய் எடுக்கப் போவாள். அவளையாவது வேலையோடு எடுத்து வைக்கணும் என்று முன்னே பல தடவை போயிருக்கிறேன். 18-55 லென்ஸோடு பக்கத்தில் போனாலே எழுந்துவிடுவாள். முந்தானையை இழுத்துவிட்டு, ஒரு கையால் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என்னிடம் அப்படி ஏழெட்டுப் படம் இருக்கிறது. நல்ல போஸ் என்று நானே ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தேன்.

இந்தத் தடவை நாற்பதடி தள்ளி, மேட்டில் உட்கார்ந்தேன். கூட எடுத்த இரண்டு பெண்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அரை மணி நேரத்தில் மூவரும் என்னை மறந்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரிலிருந்து சரம் புறப்பட்டுத் தரையோடு கிடக்கும். குனியணும், இல்லாவிட்டால் உட்காரணும். நிழலில் வெளிச்சமே இல்லை. ஐ.எஸ்.ஓ. 3200 வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன்.

ராத்திரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வரிசையாக இருபது படத்திலும் அக்கா சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். வலது கால் மடங்கவே இல்லை, பக்கவாட்டில் நீட்டியபடியே இருக்கிறது. ஒரு தூரிலிருந்து அடுத்த தூருக்கு எழுந்து போகவில்லை. கையை ஊன்றி, சாக்கோடு நகர்ந்து போகிறாள். நான் கூப்பிட்டதும் எழுந்திருக்கிற கடைசிப் படத்தில் பலா மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருக்கிறாள்.

சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேமைக் கழற்றிக் கீழே வைத்தேன்.

மறுநாள் படத்தைக் காட்டினேன். "ஒளிஞ்சு நின்னு எடுத்தியாடா?" என்று கோபப்பட்டாள். "ஒளியலக்கா, தூரமா இருந்தேன்" என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு வருசமா இருக்கு தம்பி. சொன்னா மேல போவ விடமாட்டீகன்னுதான்" என்றாள். தேனியில் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூட்டு தேய்ந்திருக்கிறது, தரையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். மருந்தும் பயிற்சியும் நடக்கிறது, ஆபரேஷன் பற்றி இன்னும் முடிவாகவில்லை. காய் எடுப்பை அந்த இரண்டு பெண்களிடம் விட்டாச்சு. ஆனால் ஜீப்பில் மேலே வந்து, ஷெட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறாள். அதைத் தடுக்க யாராலும் முடியாது.

"காலு தெரியிற படத்தப் போடாத" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் நீங்கள் பார்த்தது முகமும் கையும் சரமும் மட்டும் உள்ள படம். கூட இருந்த பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

அந்த நாலாயிரம் ரூபாய் லென்ஸ் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. கண்ணாடி சுத்தமாக இருக்கிறது, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். டி90, டி7000, டி7100, டி7200 இதில் ஏதாவது ஒன்று கையில் வைத்திருக்கும் மாணவர் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். காசு வேண்டாம், கூரியர் செலவு மட்டும் உங்களுடையது.