சூடு இறங்கும் வழி

தீயை மூட்ட ஒரு குச்சி போதும். மூட்டிய தீயின் சூட்டை வேண்டிய நேரத்தில், வேண்டிய அளவுக்கு இறக்குவதற்கே கைப்பக்குவம் வேண்டும். பாலைக் காய்ச்சிய தாய் உறை ஊற்றுமுன் விரல் நுனியை அதில் தோய்த்துப் பார்க்கிறாள். சூடு மிஞ்சினால் தயிர் தோயாது. ஆறிக் குளிர்ந்துவிட்டாலும் தோயாது. வீட்டில் பியர் தயாரிப்போரையும் இதே சிக்கல்தான் எதிர்கொள்கிறது. ஒரு கிண்ணம் பால் தானே ஆறும். இருபது லிட்டர் கொதிநீர் அவ்வளவு எளிதில் ஆறிவிடாது.

சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல், சொந்தப் பயன்பாட்டுக்காக மட்டும், ஓர் இல்லத்துக்கு மாதம் 30 லிட்டருக்கு மேற்படாமல் உரிமமின்றியே பியர் தயாரித்துக்கொள்ளச் சட்டம் இசைவு தருகிறது. விற்பனை கூடாது, காய்ச்சி வடிக்கும் சாராயத்துக்கு இந்த இசைவு பொருந்தாது. அதன் பின்னர் அடுக்குமாடி வீடுகள் சிலவற்றின் சமையலறைகளில் முளைகட்டிய பார்லியின் மணம் எழலாயிற்று. யீஷூனில் உள்ள ஒரு வீட்டில் அம்மணம் எழுந்தபோது அதனுடன் ஒரு மனத்தாங்கலும் எழுந்தது.

அவ்வீட்டின் தந்தை கெடாவின் ரப்பர்த் தோட்டமொன்றில் பிறந்தவர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்த வரலாறு மலாயாத் தமிழர் அறிந்ததே. அம்மறியலை நேரில் கண்ட ஒரு தாயின் மடியில் வளர்ந்தவர் அவர். கூலி நாளன்று அந்தி சாயுமுன் கூலி முழுவதும் கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்ந்த கதைகளைச் சோற்றோடு சேர்த்து உண்டவர். சிங்கப்பூருக்கு வந்து நாற்பது ஆண்டுகள் குளிர்சாதனங்களைப் பொருத்தும் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். ஒரு துளி மதுவும் அவர் நாவில் பட்டதில்லை. மகன் அடுப்பில் மால்ட் சாற்றைக் கொதிக்க வைத்த அன்று அவர் சொன்னது ஒரே சொற்றொடர்: "வீட்டுலேயே காய்ச்ச ஆரம்பிச்சிட்டியா?" அதன் பின் மூன்று மாதங்கள் அவர்களுக்கிடையே சாப்பாட்டு அழைப்பைத் தவிர வேறு பேச்சில்லை.

மகனுடைய முதல் இரண்டு முயற்சிகளும் வீணாயின. முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை, ஹாப்ஸ் பூக்களைச் சேர்த்து ஒரு மணி நேரம் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். ஆனால் கொதிசாற்றில் ஈஸ்ட் உயிர் பிழைக்காது. ஏல் வகைப் பியருக்குச் சாறு 20 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கியாக வேண்டும். சிங்கப்பூரின் புழுக்கத்தில் மூடி வைத்த அண்டா இரவெல்லாம் ஆறினாலும் 30 பாகைக்குக் கீழே வராது. அந்த நீண்ட வெதுவெதுப்பில் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்கள் ஈஸ்ட்டை முந்திக்கொண்டு குடியேறிவிடும். மேலும், சாறு சூடாக இருக்கும் வரை டைமெத்தில் சல்ஃபைடு என்னும் சேர்மம் அதில் உண்டாகிக்கொண்டே இருக்கும். மூடிய அண்டாவில் அது வெளியேற வழியின்றி வேகவைத்த சோளத்தின் வாடையைத் தரும். விரைந்து குளிர்வித்தாலோ புரதங்கள் திரிதிரியாகத் திரண்டு அடியில் படிந்துவிடும், பியரும் தெளியும்.

இது புதிதாய் வந்த தொல்லையன்று. ஐரோப்பாவின் பழைய ஆலைகளில் கொதித்த சாற்றை அகன்ற, ஆழமற்ற தொட்டிகளில் பரப்பிக் குளிர்காலக் காற்றில் ஆற விடுவர். பியர் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை லூயி பாஸ்டர் 1876இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதே காலத்தில் கார்ல் வான் லிண்டே மியூனிக் நகரின் ஸ்பாட்டன் மதுவாலைக்குக் குளிர்விப்பு இயந்திரம் அமைத்தார். மதுவாலைக்கென வளர்ந்த அந்தக் கலையின் வாரிசுகளே இன்று வீடுதோறும் சுவரில் தொங்கும் குளிர்சாதனங்கள். 1932இல் டைகர் பியர் சிங்கப்பூரில் விற்பனைக்கு வந்ததும் அக்கலையின் துணையால்தான். ஆகவே தந்தையின் தொழிலும் மகனின் விருப்பமும் ஒரே கொடியில் பூத்தவை. இருவரும் அதை அறியாதிருந்தனர்.

மூன்றாம் முறை மகன் செப்புச் சுருள் ஒன்று செய்யத் துணிந்தான். குளிர்சாதனங்களுக்குப் பயன்படும் மென்செப்புக் குழாய், எட்டில் மூன்று அங்குல விட்டம், 15 மீட்டர் நீளம், கடையில் வாங்கி வந்தான். பழைய தொழிலாளர் வழக்கில் இதை 'மூன்று நூல்' குழாய் என்பர். அதை ஒரு பானையின் மீது சுற்றும் வரை தொல்லையில்லை. முனைகளை அண்டாவின் விளிம்புக்கு மேலே கொண்டுவந்து வெளிப்புறமாக வளைக்கும் இடத்தில் குழாய் மடிந்து நசுங்கிவிட்டது.

கூடத்தில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த தந்தைக்கு அந்த ஓசை கேட்டது. மதுவை வெறுத்தவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. நசுங்கிய குழாயைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து வந்தார்.

"என்னடா இது? குழாயை இப்படிக் கொன்னு வெச்சிருக்க!"

நசுங்கிய பகுதியை வெட்டி எறிந்தார். பரணிலிருந்து பழைய கருவிப் பெட்டியை இறக்கி, வளைக்கும் சுருள்வில்லை எடுத்துக் குழாயின் மேல் செருகினார். முழங்காலில் பதித்து, அவசரமின்றிச் சிறிது சிறிதாக வளைத்தார். வளைவு உருண்டையாக, ஒரு சுருக்கமும் இன்றி வந்தது. பின் கேட்டார்: "பைப்புத் தண்ணி என்ன சூடு?"

"இருபத்தொன்பது, அப்பா."

"அப்போ நீ எத்தனை சுத்து சுத்தினாலும் இருபத்தொன்பதுக்குக் கீழ இறங்காது. குளிரை உள்ள கொண்டு போறதா நினைக்காதே. சூட்டை வெளிய கொண்டு வரணும். நாப்பது வருஷம் நான் செஞ்ச வேலை அதுதான்."

பின்னர் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டனர். 20 லிட்டர் சாற்றை 100 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறக்க ஏறத்தாழ 6,700 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஒரு கிலோ பனிக்கட்டி உருகுகையில் 334 கிலோஜூல் வெப்பத்தையே ஏற்கும். பனிக்கட்டி உருகுவதை மட்டும் நம்பினால் ஏறத்தாழ 20 கிலோ வேண்டும். ஆனால் குழாய் நீரே சாற்றை 38 பாகை வரை கொண்டுவந்துவிடும். நான்கில் மூன்று பங்கு வேலை அதிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய பங்குக்கு ஒரு வாளியில் பனிக்கட்டியும் நீரும் இட்டு, மீன்தொட்டிக்குரிய சிறு நீரேற்றியால் அந்நீரைச் சுருளுக்குள் சுற்றிவரச் செய்தால் ஆறு கிலோ போதும்.

சுருள் 25 செண்டிமீட்டர் விட்டத்தில் பதினாறு சுற்றுகளாக அமைந்தது. சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல், சாறு இடையே புகுந்து வர வழி இருக்குமாறு செப்புக் கம்பியால் இடைவெளி விட்டுக் கட்டினார் தந்தை. ரப்பர்க் குழாயைச் செப்போடு இணைக்கும் இடம் அண்டாவுக்கு வெளியே இருக்க வேண்டும் என்றார். கசிந்தாலும் சாற்றில் விழாது. நீரைத் திறந்துவிட்டு, இணைப்புகளைச் சுற்றி உலர்ந்த மெல்லிய தாளைக் கட்டிக் கால் மணி நேரம் காத்திருந்தார். தாள் நனையவில்லை. புதுச் செப்பின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீராலும், கறையைப் புளிக்காடியாலும் கழுவினர். கொதி முடியப் பதினைந்து நிமிடங்கள் இருக்கையில் சுருளை அண்டாவில் இறக்கினால் கொதியே அதைத் தூய்மைப்படுத்திவிடும். உள்ளே நீர் தங்கியிருந்தால் முனை வழியே ஆவி சீறும் என்பதால், வாய்ப்புறத்தை ஆளில்லாத பக்கம் திருப்பி வைத்தனர்.

நீரைத் திறந்த சில நொடிகளில் வெளிவந்த தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அண்டாவை அப்படியே விட்டபோது வெப்பம் இறங்கும் வேகம் குறைந்தது. சுருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் சாறு மட்டும் குளிர்ந்து, அப்பால் உள்ளது சூடாகவே நின்றுவிடும். சுருளை மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தந்தை அசைத்தார், மகன் வெப்பமானியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று மாதங்களில் அவர்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். வெளியேறிய ஏறத்தாழ 80 லிட்டர் நீரில் ஒரு சொட்டும் வடிகாலுக்குப் போகவில்லை. ஜொகூரிலிருந்து நீர் பெறும் 1962ஆம் ஆண்டு உடன்படிக்கை 2061இல் முடிவடைவதை நினைவில் வைத்து வாழும் நாடு இது. சூடான பங்கு பாத்திரம் கழுவவும், எஞ்சியது துணி துவைக்கவும் தரை துடைக்கவும் ஆயிற்று. முப்பத்தைந்தாம் நிமிடத்தில் வெப்பமானி 20 பாகை காட்டியது.

சில வாரங்கள் கழித்து மகன் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்தப் பியரை ஊற்றி மேசைமேல் வைத்தான். தந்தை அதைச் சன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார். "நல்லாத் தெளிஞ்சிருக்கு" என்றார். குடிக்கவில்லை, குவளையைத் திருப்பி மகனிடமே தந்தார். மகனும் வற்புறுத்தவில்லை.

தோட்டத்துக் கள்ளுக்கடையையும் இந்த அண்டாவையும் ஒன்றெனக் கொள்ளுதல் நியாயமன்று. அங்கே பசித்தவனின் கூலி பறிபோயிற்று. இங்கே ஓர் இளைஞனின் விடுமுறை நாள் செலவாகிறது. எனினும், பட்டவர் மரபில் வந்தவரின் அச்சத்தைப் பழமை என்று தள்ளிவிடுவதும் நியாயமன்று. வெறுப்பை விடாமலே ஒருவர் தம் கைத்திறனைப் பிள்ளைக்குக் கொடுக்க முடிகிறது. கொள்கையை ஏற்காமலே பிள்ளை அதை வணக்கத்தோடு பெற்றுக்கொள்ள முடிகிறது. பல குடும்பங்களில் இவ்வளவு கூட நிகழ்வதில்லை.

ஓர் இல்லத்துக்கு மாதம் 30 லிட்டர் என்பது சட்டம் வகுத்த எல்லை. அவ்வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 20 லிட்டர் என்பது தந்தை வகுத்த எல்லை. மகன் இன்றுவரை அதை மீறியதில்லை. செப்புச் சுருள் நீர் வடிக்கப்பட்டு, தந்தையின் கருவிப் பெட்டிக்கு அருகே பரணில் இருக்கிறது. அதை எடுக்க வேண்டுமானால் அவரிடம் கேட்டே எடுக்க வேண்டும்.