பைரவிக்கு வயது 22

'அபூர்வ ராகங்கள்' 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளியானபோது ஸ்ரீவித்யாவுக்கு 22 வயது. அவருக்கு மகளாக நடித்த ஜெயசுதாவுக்கு 16. மயிலாப்பூர் சபா கேன்டீனில் காபி ஆறுவதற்குள் இந்தக் கணக்கைப் பெரியம்மாவிடம் சொன்னேன். "அவ என்னிக்குடா சின்னவளா இருந்தா?" என்றார்.

பெரியம்மா எம்.எல். வசந்தகுமாரி கட்சி. எம்.எல்.வி., ஜி.என்.பி.யின் சிஷ்யை, 1977இல் சங்கீத கலாநிதி. அப்படிப்பட்டவர் பெண் ஸ்ரீவித்யா சினிமாவுக்குப் போனாளே என்ற குறை பெரியம்மாவுக்கு இன்னும் உண்டு. ஆனால் இயக்குநர் பாலசந்தர் கொடுத்த பைரவி வேடமே கர்நாடக சங்கீதப் பாடகிதான். குரல் வாணி ஜெயராமுடையது. தேசிய விருது வாங்கிய குரல். இருந்தும், கச்சேரி மேடையில் உட்கார்ந்தால் கை எங்கே, கண் எங்கே என்று திண்டாடும் நடிகைகள் நடுவே ஸ்ரீவித்யா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருப்பார். அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது.

அந்த வேடம்தான் வினையும் ஆனது. அம்மாவாக இவ்வளவு பொருந்துகிறாரே என்று தமிழ் சினிமா அவரை அங்கேயே உட்கார்த்திவிட்டது. பைரவியைக் காதலித்த கமல், 1989இல் 'அபூர்வ சகோதரர்க'ளில் அவருக்குக் கணவன். அதே படத்தில் இரண்டு பிள்ளைகளும் கமலே. பைரவியின் கணவனாக அறிமுகமான ரஜினி 1991இல் 'தளபதி'யில் மகன். ரஜினி அவரைவிட இரண்டரை வயது மூத்தவர்!

இதற்காகக் கோபப்படலாம் என்று 'தளபதி'யை மறுபடி போட்டுப் பார்த்தால், அந்தக் கோயில் காட்சி வந்து வாயை அடைத்துவிடுகிறது. தொலைவில் ரயில் ஊதுகிறது. கூட்ஸ் வண்டியில் பிள்ளையை விட்டவள் திரும்புகிறாள். பக்கத்தில் நிற்கும் பிள்ளையும் திரும்புகிறான். யார் யாரென்று இருவருக்கும் தெரியாது. வசனமே கிடையாது. கண் பெரிது என்பதால் வருவதல்ல இது. எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும், எந்த இடத்தில் விட வேண்டும் என்ற காலப்பிரமாணம். பாட்டுக்காரர் வீட்டுச் சொத்து என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெரியம்மாவும் இதை மட்டும் ஒப்புக்கொண்டார்.

கேரளம் ஸ்ரீவித்யாவை வேறு மாதிரி பார்த்தது. 1979, 1983, 1992 என மூன்று முறை மாநிலச் சிறந்த நடிகை விருது. பிறகு சின்னத்திரை, 'அவிசாரிதம்' தொடருக்காக 2004இல் தொலைக்காட்சி விருது. நம் ஊரில் சீரியலுக்குப் போனால் மார்க்கெட் போய்விட்டது என்பார்கள்; அங்கே அவர் நடிப்புக்கு இன்னொரு வாசல் திறந்தது. 2006 அக்டோபர் 19 அன்று புற்றுநோயால் காலமானதும் திருவனந்தபுரத்தில்தான். அரசு மரியாதையோடு அனுப்பிவைத்தார்கள்.

எம்.எல்.வி. மகளைச் சொந்தக் குரலில் சினிமாவில் பாடவைத்ததும் மலையாளிகள்தான்: 'அயலத்தெ சுந்தரி', 1974. பைரவிக்கு ஒரு வருஷம் முந்தி.