கோட்டக்கல்லும் கொல்லிமலையும்

ஒருவனுக்கு அவன் பகைவன் இட்ட பெயர் நிலைத்துவிடுமாயின், அவன் வரலாறு முழுவதும் அப்பெயருக்குள் அடங்கிவிடுகிறது. இவ்வெண்ணம் எனக்குத் தோன்றியது கடற்கரையில் அன்று; அலையோசை எட்டாத கொல்லிமலையில்.

மாணவர் சிலருடன் எழுபது கொண்டையூசி வளைவுகளையும் கடந்து மேலேறிய நாங்கள், செம்மேட்டுக்கு அருகே மிளகுக்கொடி படர்ந்த மரங்களின் நிழலில் இளைப்பாறினோம். வழிநெடுகக் கதைப்புத்தகம் ஒன்றில் மூழ்கியிருந்த மாணவர், “ஹஜ்ரத், இக்கதையில் கடற்கொள்ளையர்க்கென்றே ஒரு துறைமுகப் பட்டினம் வருகிறது. அப்படியோர் ஊர் உண்மையில் இருந்ததுண்டா?” என வினவினார். தலைக்குமேல் தொங்கிய மிளகுச் சரத்தைக் காட்டி, “இச்சரக்கின் பொருட்டு அவ்வாறு ஏசப்பட்ட ஊர் ஒன்று உண்டு” என்றேன்.

அவ்வூர் கோட்டக்கல். மலையாளக் கரையில், வடகரைக்கு அருகே, குற்றியாடி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ளது. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் இசைவுடன் மூன்றாம் குஞ்ஞாலி மரைக்காயர் 1570களில் அங்கே கோட்டை எழுப்பினார். ஆற்றின் முகத்துவாரத்தில் மறைந்திருந்து, துடுப்பு வலிக்கும் சிறு படகுகள் திடீரெனப் பாய்ந்து, பறங்கியரின் பெருங்கப்பல்களைத் தாக்கின. பறங்கியர் அதனைக் கொள்ளையர் கூடாரம் என்றனர். சாமூதிரிக்கோ அது கடற்படைத் தளம்.

பறங்கியர் செய்தது என்ன? 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்தார். 1502இல் மீண்டும் வந்தபோது, மக்காவிலிருந்து பயணிகளுடன் திரும்பிய கப்பலை மறித்து, பொருளைப் பறித்து, பெண்டிரும் இருந்த அக்கப்பலுக்குத் தீ மூட்டினார். பின்னர் அவர்கள் வகுத்த முறைப்படி, கடலிற் செல்லும் கப்பல் அவர்களிடம் விலைகொடுத்து அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும். சீட்டில்லாத கப்பல் பறிமுதலாகும். அச்சீட்டின் பெயர் ‘கர்த்தாஸ்’. காகிதத்தைக் குறிக்கும் ‘கிர்தாஸ்’ என்னும் அரபுச் சொல்லின் வழியே வந்த பெயர் அது! நம் தமிழ்க் கரையும் இப்போரினின்று தப்பவில்லை. மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1538இல் மரைக்காயர் படை பறங்கியரிடம் தோற்றது.

ஷாபிஈ சட்ட நூல்கள் வழிப்பறிக்காரனைக் ‘காத்திஉத் தரீக்’, அதாவது வழியை அறுப்பவன் என்கின்றன. வலிமையைக் காட்டி, உதவி கிட்டாத இடத்தில், வழிச்செல்வோரை அச்சுறுத்திப் பொருள் கவர்வோன் அவன். இவ்வளவுகோல் செயலை அளக்கிறதேயன்றிக் கொடியின் நிறத்தைக் கேட்பதில்லை. இதன்படி நோக்கின் கர்த்தாஸும் வழியறுப்பே. நீதி கருதின் இதனையும் சொல்ல வேண்டும்: பகை பூணாத வணிகன் ஒருவனின் சரக்கைக் கோட்டக்கல் படகுகள் கவர்ந்திருப்பின், அதற்கும் அதே பெயர்தான். நம்மவர் என்பதால் அளவுகோல் வளையலாகாது.

நான்காம் குஞ்ஞாலியின் காலத்தில் சாமூதிரிக்கும் அவருக்கும் மனக்கசப்பு முற்றியது. மன்னர் பறங்கியருடன் கைகோத்தார். 1599இல் நடந்த தாக்குதல் பறங்கியர்க்குப் பெருந்தோல்வியாய் முடிந்தது. அடுத்த ஆண்டு முற்றுகை இறுகவே, உயிர்க்கு உறுதி பெற்றுக் குஞ்ஞாலி 1600 மார்ச்சில் மன்னரிடம் சரணடைந்தார். அவ்வுறுதி காற்றில் பறந்தது. பறங்கியர் அவரைப் பற்றிக் கோவாவுக்குக் கொண்டுசென்று தலையைக் கொய்தனர்.

மதரஸாவில் நாங்கள் ஓதிய ‘ஃபத்ஹுல் முஈன்’ என்னும் சட்டநூலை இயற்றிய பொன்னானி ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் அவர்களே, ‘துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்’ என்னும் அரபு நூலில் பறங்கியர் கொடுமைகளைப் பதிந்துவைத்தார்கள். ஆயினும் அந்நூலின் செய்திகள் 1583 அளவில் நின்றுவிடுகின்றன. கோட்டக்கல்லின் வீழ்ச்சியை விரிவாய் எழுதியவர்கள் அதனை வீழ்த்திய தரப்பினரே.

கொல்லிமலை ஆண்ட வல்வில் ஓரியும் தோற்றவனே. மலையமான் திருமுடிக்காரி அவனைக் கொன்றான். மலை சேரன் வசமாயிற்று. ஆயினும் ஓரி இன்றும் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். காரணம், அவனிடம் பரிசில் பெற்ற பாணரும் புலவரும் அவன் ஈகையைத் தமிழில் பாடிவைத்தனர். தோல்வி அவன் உயிரைக் கொண்டது. பெயரைக் கொள்ள இயலவில்லை.

குஞ்ஞாலிக்கு அப்பேறு காலம் தாழ்ந்தே வாய்த்தது. மும்பையில் இந்தியக் கடற்படைத் தளமொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2000ஆம் ஆண்டில் அஞ்சல்தலையும் வெளிவந்தது. இவை மகிழ்வுக்குரியன. எனினும் ஒரு சமுதாயத்தின் பெயரைக் காப்பவை, தன் காலத்தைத் தானே எழுதிவைக்கும் கைகளே. நம் கடற்கரை ஊர்களின் பழம்பெட்டிகளில் அரபியிலும் அரபுத்தமிழிலும் எழுதப்பட்ட ஏடுகள் கிடக்குமாயின், அவற்றைச் செல்லரிக்குமுன் எடுத்துப் படிக்க இளைஞர் முன்வர வேண்டும். நாம் எழுதாது விட்ட பக்கத்தைப் பிறர் எழுதுவர். அதில் நமக்கு என்ன பெயர் இடுவரோ, யாரறிவார்?